அண்ணனின் வரவேற்புக் கோட்டு

1

நம்மூரில் கோட்டு என்று சொல்வதை இங்கே இங்கிலாந்தில் கோட்டு என்று கேட்டால் வேறொன்றை எடுத்து நீட்டுவார்கள். குளிருக்கு எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்கிற, முழங்கால் வரை தொங்குகிற கம்பளி உடுப்புதான் இங்கே கோட்டு. கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை போட்டுக்கொண்டு வேர்த்து வழிய நிற்பாரே, அது ஜாக்கெட். அதை ஜாக்கெட் என்று சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. கடலூர்க்காரனுக்கு ஜாக்கெட் என்றால் பெண்கள் போடுவது. துணிக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கூடையில் போட்டுப் பேச்சு வாங்கினேன்.

நாங்கள் இருப்பது மான்செஸ்டருக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். என் மனைவி செல்வி இங்குள்ள மருத்துவமனையில் நர்ஸ். அவள் வேலையை நம்பித்தான் 2007இல் வந்தோம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இங்கே பழைய துணி பிரிக்கும் கிடங்கில் வேலை. ஜனங்கள் வேண்டாம் என்று கொடுக்கும் துணி மூட்டை மூட்டையாக வரும். நல்லது, கிழிந்தது, கந்தல் என்று பிரிக்க வேண்டும். ஆண்களின் பழைய கோட்டுகளுக்கு மட்டும் தனி மேசை. இங்கே இளவட்டங்களுக்கு இப்போது அவற்றின் மேல் ஒரு மோகம். காலரைப் பார்த்தால் காலம் தெரிந்துவிடும். மார்பின் மேல் ஒல்லியாக மடிந்திருந்தால் அறுபதுகள். யானைக் காது மாதிரி விரிந்திருந்தால் எழுபதுகள். தோளில் பஞ்சு வைத்து, முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக மூடி, இரண்டு வரிசைப் பொத்தான் இருந்தால் எண்பதுகளின் கடைசி. அதற்குப் பிறகு மூன்று பொத்தான். இப்போது மறுபடியும் ஒல்லிக் காலருக்கே வந்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் என் மகன் அருணுக்குப் பள்ளிப் படிப்பு முடிந்தது. அதற்கு ஒரு விருந்து வைப்பார்கள், பையன்கள் எல்லாரும் கோட்டு போட வேண்டும். பிப்ரவரியில் ஒருநாள் அவன், கிடங்குக்கு நல்ல டபுள் பிரெஸ்ட், அந்த இரண்டு வரிசைப் பொத்தான் கோட்டு, வந்தால் தனக்கு எடுத்துவைக்கச் சொன்னான். சொன்னது ஆங்கிலத்தில். பத்து வயதில் இங்கே வந்தவன். நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று செல்விக்கும் எனக்கும் நினைவில்லை.

"அது மட்டும் வேணாம். வேற எதையாவது எடுத்துக்க" என்றேன்.

ஏன் என்று கேட்டான். அது மாப்பிள்ளைக் கோட்டு என்றேன். சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அன்று அவனிடம் சொல்லாத காரணத்தை உங்களுக்குச் சொல்கிறேன்.

2

எங்கள் ஊர் கடலூருக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஒரு குப்பம். அண்ணன் ராஜவேலு கடலுக்குப் போனான். நான் படித்தேன். அண்ணனுக்கு 1994இல் கல்யாணம். பெண் அஞ்சலை, பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்துக் குப்பம். வரவேற்புக்குக் கோட்டு போட்டே தீருவேன் என்று அண்ணன் பிடிவாதமாக நின்றான். எங்கள் குப்பத்தில் அதுவரை எந்த மாப்பிள்ளையும் போட்டதில்லை.

சிதம்பரத்தில் மேலவீதியை ஒட்டிய சந்தில் ஒரு வாடகைக் கோட்டுக் கடை இருந்தது. இருவரும் பஸ் ஏறிப் போனோம். கடைக்காரர் முதலில் ஓர் ஆல்பத்தை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். அவர் கடைக் கோட்டைப் போட்டுக்கொண்ட மாப்பிள்ளைகள், வருஷவாரியாக. முதல் பக்கங்களில் கறுப்பு வெள்ளை. அகலக் காலர், அகலக் கால்சட்டை, காதை மூடிய முடி. பிறகு காலர் சிறுத்தது, படங்களுக்கு நிறம் வந்தது. கடைசிப் பக்கங்களில் எல்லாருக்கும் தோள் ஏறியிருந்தது.

"இப்ப டபுள் பிரெஸ்ட்டுதான் தம்பி ஓடுது. மெட்ராஸ்ல எல்லாம் இதான்" என்றார்.

அண்ணன் சாம்பல் நிறத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். "இன்னாடா, தோளு மேல இன்னொரு தோளு முளைச்ச மாதிரி இருக்கு" என்றான். ஆனால் கழற்ற மனமில்லாமல் வெகுநேரம் நின்றான்.

வரவேற்பில் போட்டோக்காரர், "மாப்ள கையப் புடிச்சிக்கம்மா" என்று அண்ணியிடம் சொன்னார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணி வெட்கப்பட்டுக் கையைப் பிடிக்காமல் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் படத்தில் ஒரு பிரதியைக் கடைக்காரர் கேட்டிருந்தார். அதைக் கொடுப்பதற்காகவே அண்ணன் தனியாக ஒருமுறை சிதம்பரம் போய்வந்தான். "நம்ம படம் சிதம்பரத்துல கீது தெரியுமா" என்று வலையிழுக்கும்போதுகூடச் சொல்லிக்கொள்வானாம்.

அவர்களுக்கு வெகுநாள் குழந்தையில்லை. 1999இல் கயல் பிறந்தாள்.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த அன்று சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். செல்விக்குச் சிதம்பரம்தான் அம்மா வீடு. முதல்நாளே அருணையும் கயலையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அண்ணியும் வருவதாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் அண்ணன் படகு கரைக்கு வரும், மீன் எடுக்க ஆள் வேண்டும் என்று நின்றுவிட்டாள். "நீங்க போங்க, நான் நாளைக்கு மதியம் பஸ்ஸுல வந்துடறேன்" என்றாள். கயல் போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் ஓர இடத்துக்கு அருணோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன் ஆழ்கடலில் இருந்தான். படகு ஒருமுறை உயர்ந்து இறங்கியதாம், அவ்வளவுதான். கரைக்கு வந்தபோது கரை இல்லை. வீடு இருந்த இடத்தில் ஒரு பக்கச் சுவரும் அடுப்புக் கல்லும் இருந்தன.

அரசு ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டுவதற்காக, இறந்தவர்களைப் படமெடுத்துப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அண்ணன் ஒரு படத்தின் முன்னால் நின்றான். பிறகு கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் படம் கயலு கண்ணுல பட்டுறவே கூடாதுடா" என்றான்.

3

தகரக் கொட்டகைகளில் ஜனங்களைக் குடிவைத்தார்கள். எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகப் பழைய துணி வந்து சாலையோரம் மலையாகக் கிடந்தது. அதில் கம்பளிக் கோட்டுகளும் இருந்தன. டிசம்பரிலும் வேர்க்கிற ஊரில் அதை யார் போடுவது? பெண்கள் அவற்றைத் தகரம் ஒழுகும் இடங்களில் செருகினார்கள். நான் இங்கே கட்டும் மூட்டைகள் எங்கெங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாது. கட்டும்போதெல்லாம் அந்தக் கொட்டகைகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு படமோ இரண்டு படமோ மாலையோடு தொங்கின. உறவுக்காரர்கள் வீட்டிலிருந்து தேடி வாங்கி வந்து மாட்டியவை. அண்ணன் கொட்டகையில் எதுவும் இல்லை. கயலுக்கு அப்போது ஐந்து வயது. "நம்ம வூட்ல மட்டும் ஏம்ப்பா அம்மாவ மாட்டல?" என்று கேட்டாள்.

அண்ணன் தேடாத இடமில்லை. அண்ணியின் அம்மா வீடும் கரையில்தான் இருந்தது, அதுவும் போய்விட்டது. கல்யாண ஆல்பம், கேசட்டு எல்லாம் வீட்டோடு போயின. போட்டோக்காரர் நெகட்டிவையும் சேர்த்தே கொடுத்திருந்தார். செல்வியும் அண்ணியும் சேர்ந்து நின்ற படம் ஒன்றாவது செல்வியின் அம்மா வீட்டில் இருக்கும் என்று பெட்டியெல்லாம் கொட்டிப் பார்த்தோம். எதிலும் அண்ணி இல்லை. படம் எடுத்தபோதெல்லாம் அடுப்படியில் இருந்திருக்கிறாள்.

ஒருநாள் அண்ணன் திடீரென்று, "சிதம்பரத்துல இருக்குடா" என்றான்.

அடுத்த பஸ்ஸில் போனோம். கடைக்காரருக்கு முகம் ஞாபகமில்லை. விஷயத்தைச் சொன்னதும் ஆல்பத்தை எடுத்துத் தந்தார். அண்ணன் முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். அகலக் காலர்கள் போயின, ஒல்லிக் காலர்கள் போயின, தோள் ஏறத் தொடங்கியது. சாம்பல் நிறக் கோட்டில் அண்ணன் நின்றான். பக்கத்தில் யாருமில்லை.

ஒரு பக்கத்துக்கு நான்கு படம் ஒட்டுவதற்காக, எல்லாப் படங்களையும் மாப்பிள்ளை மட்டும் இருக்கும்படி வெட்டியிருந்தார். அண்ணன் படத்தில் அண்ணியின் கை மட்டும் மிஞ்சியிருந்தது. மணிக்கட்டு வரை. மருதாணி வைத்த நான்கு விரல்கள் கோட்டின் துணியைக் கசக்கிப் பிடித்திருந்தன.

"வெட்டுன பாதி?" என்று கேட்டான் அண்ணன்.

"கோட்டு தெரியணும்னுதான் தம்பி வெட்டுனது. அதையெல்லாம் அப்பவே பெருக்கித் தள்ளியிருப்பாங்க" என்றார். சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. "அந்தக் கோட்டாவது இருக்குமான்னு பாத்தா, அதையும் தள்ளிவிட்டுட்டேன். டபுள் பிரெஸ்ட்ட இப்ப யாரும் கேக்கறதில்ல. எல்லாம் மூணு பட்டன்தான்."

படத்தைப் பிரித்தெடுத்து அண்ணன் கையில் கொடுத்தார்.

கொட்டகையில் கயல் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நீ. அம்மா எங்க?" என்றாள். அண்ணன் அந்த விரல்களைத் தொட்டுக் காட்டினான். "இதோ, இதான் அம்மா."

படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினான். மாலை போட முடியவில்லை. உயிரோடு இருக்கிற ஆளின் படத்துக்கு மாலை போடாதே என்று பக்கத்துக் கொட்டகைப் பெண்கள் சத்தம் போட்டார்கள். அதனால் கை இருக்கும் மூலையில் மட்டும் துளி மல்லிகையைச் செருகினான். கடலுக்குக் கிளம்பும்போது அதன் முன்னால் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவான். மீன் விலை, கயலுக்குக் காய்ச்சல், டீசல் ஏறிவிட்டது, இப்படி ஏதாவது. யாராவது பக்கத்தில் வந்தால் நிறுத்திக்கொள்வான்.

4

நாங்கள் இங்கே வரக் கிளம்பும்போது கயலையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று செல்வி கேட்டாள். அண்ணன் முதலில் ஒத்துக்கொண்டான். விசா விசாரிக்கப் போன இடத்தில், எனக்கு ஒரு மகன், ஒரு மகள் என்றேன். அண்ணன் மகள் நமக்கு மகள்தானே. அந்த அதிகாரி மகளின் தாய் பெயரைக் கேட்டார், அஞ்சலை என்றேன். மகனின் தாய் பெயரைக் கேட்டார், செல்வி என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். விளக்கிச் சொல்வதற்குள் வேர்த்துவிட்டது. கடைசியில், அவள் உங்கள் மகள் இல்லை, அவள் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று முடித்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அண்ணன், "வுடுடா, அவ இல்லன்னா நான் யார்கூட இருப்பேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசுவோம். கயல் வளர வளர ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். அம்மா எப்படி இருப்பாங்க? செல்வி, மாநிறம், சிரித்தால் மேல்பல் தெரியும் என்பாள். நான், என் தோள் உயரம் இருப்பாங்க என்பேன். எனக்கு அதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்ல வரவில்லை. பத்து வருஷம் ஒரே வீட்டில் சோறு போட்டவளின் மூக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் திகைக்க வேண்டியிருந்தது.

அண்ணன் மட்டும் தயங்காமல் சொல்வான். ஆனால் வருஷத்துக்கு வருஷம் அவன் சொல்வது மாறியது. அண்ணி உயர்ந்துகொண்டே போனாள். நிறம் கூடியது. முடி இடுப்பைத் தாண்டியது. முகம் ஒரு பெரிய மனுஷியின் முகமாக, யாரையும் கோபிக்காத முகமாக ஆனது. செல்வி ஒருமுறை போனை வைத்துவிட்டு, "மாமா சொல்றது அஞ்சலக்கா இல்லீங்க" என்றாள்.

5

ஏப்ரலில் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். விமானத்தில்தான் அருணிடம் அந்தக் கோட்டுக் கதையைச் சொன்னேன். அந்த ஆல்பத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டான்.

கடலூர்ப் பக்கம் மரங்கள் எல்லாம் போன டிசம்பர்ப் புயலில் சாய்ந்து, ஊரே வெட்டவெளியாகக் கிடந்தது. சிதம்பரத்தில் கடை அதே சந்தில் இருந்தது. வாசல் பொம்மைக்கு ஜரிகை ஷெர்வானி மாட்டியிருந்தார்கள். உள்ளே தொங்கிய கோட்டுகள் எல்லாம் உடம்போடு ஒட்டுகிற ஒல்லி மாடல். கடைக்காரர் இறந்துவிட்டாராம். கல்லாவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

பழைய ஆல்பத்தைக் கேட்டதும் எடுத்துத் தந்தார். அருண் நின்றபடியே புரட்டினான். நான் கிடங்கில் தனியாக எடுத்துவைக்கிற அத்தனை காலர்களும் அதில் இருந்தன. ஒரு பக்கத்தில் மூன்று படங்களும் ஒரு வெற்று இடமும் இருந்தன. அருண் அங்கே விரலை வைத்து என்னைப் பார்த்தான்.

"அது யாரோ வந்து கேட்டாங்கன்னு பிரிச்சுக் குடுத்தாராம்" என்றார் அந்த அம்மா.

நான்தான் வந்தேன் என்று சொல்லி, எதற்காக வந்தோம் என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏன் தம்பி, அன்னிக்கே வூட்டுப் பக்கம் வந்து என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

எனக்குப் புரியவில்லை.

"அவரு பாட்டுக்கு வெட்டிக் கீழ போடுவாரு. நான்தான் பெருக்குறது. தாலி கட்டி ரெண்டு நாள் ஆகாத பொண்ணுங்க தம்பி, கழுத்துல மஞ்சக் கயிறோட. தொடப்பத்தால எப்படித் தள்றது? எல்லாத்தையும் பொறுக்கி எடுத்து வெச்சிருக்கேன். அவருக்குத் தெரியாது, சிரிப்பாரு."

வீடு அடுத்த தெருவில். போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். திறந்தால் எல்லாம் பெண்கள். மாலையோடு, நெற்றிச்சுட்டியோடு, யாரோ ஒருவர் பக்கம் சாய்ந்தபடி. புயல் மழையில் டின்னுக்குள்ளும் ஈரம் போயிருந்தது. சில முகங்கள் ஒட்டிக்கொண்டு உரிந்தன. நானும் அருணும் மேசை மேல் பரப்பினோம். இவளோ, அவளோ என்று மூன்று பேரை எடுத்து வைத்தேன். அருண்தான் ஒன்றை நகர்த்தினான். அதிலிருந்த பெண்ணின் வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. பச்சைப் பட்டு, கொஞ்சம் ஏறிய மேல்பல், தரையைப் பார்க்கிற கண்.

அந்த அம்மா படத்தைத் தன் புடவைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தார். "அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துடு தம்பி" என்றார்.

6

அண்ணனுக்கு இப்போது அரசு கட்டிக்கொடுத்த வீடு. நாங்கள் போனபோது டிவி பார்த்துக்கொண்டிருந்தான். கயல் பள்ளிக்கூடத்துப் பாவாடையை மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். படத்தை அண்ணனிடம் நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தான். "யாருடா இது?" என்றான்.

"அண்ணிதான்ணா. சிதம்பரத்துக் கடையில இருந்துச்சு."

மறுபடியும் பார்த்தான். தலையை ஆட்டினான். "இவ இல்ல."

"நல்லாப் பாரு."

"எனக்குத் தெரியாதாடா? அந்தக் கடையில எத்தினி கல்யாணத்துக்குக் கோட்டு போயிருக்கும். இது வேற எவளோ." படத்தை என்னிடமே திருப்பித் தந்தான்.

"இவுங்கதான் பெரியப்பா" என்றான் அருண். வருஷக்கணக்கில் அவன் வாயில் நான் கேட்காத தமிழ். "எனக்குத் தலை துவட்டி விடுவாங்க."

கயல் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த சட்டத்தைக் கழற்றினாள். பின்பக்க அட்டையை நீக்கி அண்ணனின் பாதியை எடுத்தாள். இரண்டையும் தரையில் வைத்து மெதுவாக நெருக்கினாள். கத்தரி கொஞ்சம் கோணலாகப் போயிருந்தது. அந்தக் கோணல் இரண்டிலும் ஒன்றுபோல இருந்தது. ஒரு கண்ணாடி வளையலின் பாதி இங்கேயும் பாதி அங்கேயும் இருந்து, இப்போது வட்டமாகியது. அந்தக் கை அந்தப் பெண்ணுடையதுதான்.

அண்ணன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான். டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

"இவ்ளோ சின்னப் பொண்ணா?" என்றான்.

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான்: "இத்தினி வருசமா வேற ஒரு மூஞ்சிகிட்ட பேசிக்கினு இருந்திருக்கேண்டா."

நாளைக்கே ஸ்டுடியோவில் கொடுத்து ஒட்டிப் பெரிதாக்கி வாங்கிவந்துவிடலாம் என்றேன். எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன். அண்ணன் வேண்டாம் என்று கையை ஆட்டினான். தன் பாதியை எடுத்துச் சட்டத்துக்குள் பழையபடி வைத்து, அதே ஆணியில் மாட்டினான். கயல் மற்றப் பாதியை எடுத்துத் தன் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள். ஒட்டலாம் என்று அவளும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபின் அருண் விருந்துக்குச் சாதாரண இரண்டு பொத்தான் கோட்டு ஒன்றைத் தானே கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டான்.

அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கக் கூடாதோ என்று நான் கேட்டதற்குச் செல்வி, "கயலுக்கு வேணுமில்லையா" என்றாள். அது உண்மைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கயல் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாள். கணக்கில் நல்ல மார்க்காம். அப்பா எங்கே என்று கேட்டேன். கடலுக்குப் போயிருக்கிறார் என்றாள். பிறகு, "அப்பா இப்பல்லாம் கெளம்பும்போது படத்துகிட்ட பேசறது இல்ல சித்தப்பா" என்றாள்.

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் பேசறேன்" என்றாள் கயல். "அப்பா கெளம்பிப் போனப்புறம்."